'ஷிட்' என்னும் ஆங்கிலச் சொல் கப்பலில் பிறந்ததா?

மண்டபம் வாசகன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து, சனிக்கிழமை மாலைகளில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்களின் வரலாற்றைச் சொல்லிக்கொடுத்து வருகிறோம். கடந்த வாரம் ஒரு மாணவி தன் அண்ணனின் கைப்பேசிக்கு வந்த செய்தி ஒன்றைப் படித்துக்காட்டினாள். முற்காலத்தில் காய்ந்த சாணத்தைக் கட்டுகளாகக் கட்டிக் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கி அனுப்பினார்களாம். கடல்நீர் கசிந்து சாணம் நனைந்ததும், அது புளித்து மீத்தேன் வாயு திரண்டதாம். இரவில் அரிக்கன் விளக்குடன் கீழே இறங்கிய மாலுமியால் கப்பலே வெடித்துச் சிதறியதாம். அதன் பிறகு, 'பயணத்தில் உயரத்தில் வைத்து அனுப்புக' என்று பொருள்படும் 'ஷிப் ஹை இன் டிரான்சிட்' என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கட்டுகளின் மேல் முத்திரையிட்டார்களாம். அந்த நான்கெழுத்துதான் 'ஷிட்' என்ற சொல் ஆனதாம்.

பிள்ளைகள் இதை ஒருவர்கூட மறுக்காமல் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கடல்தொழில் செய்வோரின் மக்கள். படகின் அடியில் நீர் ஊறுவதையும், அதை இறைத்துக் கொட்டுவதையும் நாள்தோறும் பார்ப்பவர்கள் என்பதால், இந்தக் கதை அவர்களுக்கு மிக இயல்பாகப் பட்டது. எங்களுடன் பாடம் நடத்தும் நண்பர் ஒருவரும் இதை உண்மை என்றே கருதி, பிள்ளைகளின் கையெழுத்து இதழில் வெளியிட வேண்டும் என்கிறார். எனக்கு ஐயமாக இருக்கிறது. பிள்ளைகளின் கையெழுத்தில் ஒரு பொய் பதிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இங்கே கேட்கிறேன். இந்தக் கதை உண்மையா? இல்லையென்றால் அந்தச் சொல்லின் மெய்யான தோற்றம் என்ன? இன்று எல்லாப் பிள்ளைகளின் வாயிலும் 'சே' என்பதைப் போல அது வந்து விழுகிறதே, அதன் பொருள் எப்படி இவ்வளவு விரிந்தது?

கீழக்கரை மாலுமி:

அஸ்ஸலாமு அலைக்கும், தம்பி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்து ஊர் திரும்பியவன் நான். சொல்லின் வரலாற்றை அறிந்தவர்கள் பின்னால் வந்து சொல்லட்டும். கப்பலைப் பற்றிய பகுதியை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் கதை முதலில் கவிழ்வது கப்பலில்தான்.

சரக்கை அறையில் அடுக்குவதற்கு ஆங்கிலக் கப்பல் வழக்கில் 'ஸ்டோ' என்பதே வினைச்சொல். 'ஷிப்' என்றால் ஏற்றி அனுப்புதல். 'கொதிகலனை விட்டு விலக்கி அடுக்குக' என்று பெட்டிகளின் மேல் எழுதும் வழக்கம் உண்டு, அங்கேயும் 'ஸ்டோ' என்றுதான் எழுதுவார்கள். 'உயரத்தில் அனுப்புக' என்று கடலில் பிழைத்த ஒருவன் எழுதியிருக்கவே மாட்டான். மேல் அடுக்கில் வைக்க வேண்டும் என்றால் 'டுவீன் டெக்' என்று இடத்தின் பெயரைச் சொல்லிவிடுவான். மேலும் எந்தச் சரக்கு எங்கே போக வேண்டும் என்பது தலைமை அதிகாரி வரையும் சரக்குத் திட்டத்தில் முடிவாகிறதே தவிர, கட்டின் மேல் உள்ள முத்திரையைப் பார்த்துச் சுமைதூக்கிகள் முடிவு செய்வதில்லை.

அடுத்தது சாணம். நம் மாவட்டத்தில் கீதாரிகள் வயல்களில் ஆட்டுக்கிடை போடுவதைப் பார்க்காதவர் இல்லை. மலிவான, கனமான, எந்த ஊரிலும் கிடைக்கும் எருவைக் கட்டுக்கட்டிக் கப்பல் கூலி கொடுத்துத் தொலைதூரம் அனுப்புவது வணிகக் கணக்குக்கே ஒத்துவராது. கடல் கடந்து பெருமளவில் போன எரு ஒன்று உண்டு, அது 'குவானோ' எனப்படும் கடற்பறவைகளின் எச்சம். பெரு நாட்டின் சின்ச்சா தீவுகளிலிருந்து 1840களில் தொடங்கிச் சில பத்தாண்டுகள் அது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் கப்பலாகப் போனது. அந்த எச்சம் படிந்த தீவுகளைக் கைப்பற்றுவதற்கென்றே அமெரிக்க நாடாளுமன்றம் 1856இல் ஒரு சட்டம் இயற்றியது. எருவின் பெயரால் கடல் வணிகம் ஒரு சொல்லைப் பரப்பியது என்றால் அது 'குவானோ'தான், அதுவும் பெரு நாட்டின் பழங்குடி மொழியான கெச்சுவாவிலிருந்து வந்த சொல்.

வாயுவைப் பற்றியும் ஒரு சொல். சாணத்திலிருந்து மீத்தேன் வரும் என்பது உண்மை, நம் ஊர்களில் சாண எரிவாயுக் கலன் வைத்திருந்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் அதற்குச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து, காற்றுப் புகாத தொட்டியில் வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போதுதான் அது வெடிக்கும். காய்ந்த கட்டுகளின் ஓரம் நனைவதால் அந்த அளவு சேர்ந்துவிடாது. கப்பலில் உண்மையாகவே மீத்தேனுக்கு அஞ்ச வேண்டிய சரக்கு நிலக்கரி. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் சரக்கு வேண்டுமானால், நம் கரைக்கு நன்கு அறிமுகமான மீன்தூள் இருக்கிறது. அதில் உள்ள எண்ணெய் காற்றோடு சேர்ந்து சூடாகும் என்பதால், அதைத் தடுக்கும் மருந்து கலந்து, வெப்பநிலையை அளந்து அளந்துதான் கொண்டுபோவோம். பிள்ளைகளுக்குக் கடலின் ஆபத்தைச் சொல்ல வேண்டுமென்றால் இவற்றைச் சொல்லுங்கள். பொய்க் கதையில் வரும் விளக்கைவிட இவை அவர்களின் வாழ்க்கைக்குப் பயன்படும்.

சொல்வேர் (இராமநாதபுரம்):

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) கப்பலைச் சோதித்துச் சொன்னதை, மொழி வரலாறும் அப்படியே உறுதி செய்கிறது. இந்தச் சொல் அந்தக் கதை சொல்லும் கப்பல் வணிகத்தைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. பழைய ஆங்கிலத்தில், அதாவது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில், 'ஷீட்டன்' என்பது மலம் கழித்தலைக் குறித்த வினை. வயிற்றுப்போக்கைக் குறித்த 'ஷிட்டெ' என்ற பெயர்ச்சொல்லும் இருந்தது. ஜெர்மன் மொழியின் 'ஷைசென்', டச்சு மொழியின் 'ஸ்கைட்டன்', ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியின் 'ஸ்கீட்டா' ஆகியவை இதன் உடன்பிறப்புகள். ஆங்கிலேயர் ஒருவர் கட்டின் மேல் முத்திரையிட்டு உருவாக்கிய சொல் என்றால், அது ஜெர்மானியர் வாயிலும் ஐஸ்லாந்துக்காரர் வாயிலும் வழிவழியாக வந்திருக்க வாய்ப்பே இல்லை.

எழுத்துகளைப் பார்த்தாலும் கதை நிற்காது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் 'எஸ்', 'சி' என்ற இரண்டு எழுத்துகளால் தொடங்கியது. கப்பலைக் குறிக்கும் 'ஷிப்' என்ற சொல்லும் அக்காலத்தில் அதே இரண்டு எழுத்துகளால்தான் தொடங்கியது. மீனைக் குறிக்கும் 'ஃபிஷ்' அதே இரண்டு எழுத்துகளால் முடிந்தது. ஜெர்மானிய மூதாதை மொழியில் 'ஸ்க' என்று ஒலித்தது ஆங்கிலத்தில் 'ஷ' என மெலிந்தது, நார்ஸ் மொழியில் பழைய ஒலியே நின்றது. அதனால்தான் ஒரே மூலத்திலிருந்து ஆங்கிலத்தின் 'ஷர்ட்' ஒருபுறமும், நார்ஸ் வழியாக வந்த 'ஸ்கர்ட்' மறுபுறமும் இன்று ஆங்கிலத்தில் இருக்கின்றன. இப்படி ஒழுங்காக ஒலிமாற்றம் பெற்றுவந்த ஒரு சொல்லை, முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த சொல் என்று கூற முடியாது.

முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரு சொல்லாகவே ஒலிக்கும் பழக்கம் ஆங்கிலத்தில் 20ஆம் நூற்றாண்டின் உலகப் போர்களை ஒட்டித்தான் பெருகியது. 'ரேடார்' அப்படிப் பிறந்த சொல்தான். அத்தகைய சொல்லுக்கு இடப்பட்ட 'அக்ரோனிம்' என்ற பெயரே 1940களில்தான் வழக்கில் பரவியது. ஆகவே பழைய ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு முதலெழுத்துக் கதை சொல்லப்பட்டால், அது பொய்யாகவே இருக்கும் என்ற எச்சரிக்கையோடு அணுக வேண்டும். நம் நாட்டோடு தொடர்புபடுத்தி இதேபோல ஒரு கதை உண்டு. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்த பயணிகள், போகும்போது கப்பலின் இடப்புறத்திலும் திரும்பும்போது வலப்புறத்திலும் வெயில் படாத அறைகளைப் பெற்றதாகவும், அந்தச் சீட்டுகளில் இடப்பட்ட முதலெழுத்து முத்திரையே பகட்டைக் குறிக்கும் 'போஷ்' என்ற சொல்லானதாகவும் சொல்வார்கள். அப்படி முத்திரையிட்ட ஒரு சீட்டுகூட இதுவரை கிடைக்கவில்லை. 'நியூஸ்' என்பது நான்கு திசைகளின் முதலெழுத்து என்பதும் தவறு, அது 'புதியவை' என்று பொருள்படும் சொல்.

இனி வேருக்கு வருகிறேன். உண்மையில் எனக்குப் பெரிதும் விருப்பமான பகுதி இதுதான். ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் பேசப்பட்டதாக மொழியியலார் மீட்டுருவாக்கம் செய்யும் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில், வெட்டுதல், பிளத்தல், பிரித்தல் என்னும் பொருள்களைத் தந்த ஒரு வேர் இருந்தது. உடலிலிருந்து பிரிந்து வெளியேறுவது என்ற கருத்தில் அந்த வேர் ஜெர்மானிய மொழிகளில் மலத்தைக் குறித்தது. அதே வேர் கிரேக்கத்தின் வழியாகச் சமயப் பிளவைக் குறிக்கும் 'சிசம்' ஆனது. இலத்தீனில் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிதல் என்னும் பொருளில் 'அறிதல்' ஆகி, 'சயின்ஸ்' என்ற சொல்லைத் தந்தது. நாம் 'பகுத்தறிவு' என்று சொல்லும்போதும் பகுத்தலும் அறிதலும் ஒன்றாக நிற்பதைக் கவனியுங்கள். பிளந்த மரத்துண்டு என்ற பொருளில் நார்ஸ் மொழியின் வழியாகப் பனிச்சறுக்குப் பலகையைக் குறிக்கும் 'ஸ்கீ' ஆனதும் அதே வேர்தான்.

சமஸ்கிருதத்தில் அந்த வேர் வெட்டுதலைக் குறிக்கும் 'சித்' என்ற வினையாக நின்றது. அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல்லைத்தான் நாம் தமிழில் 'சேதம்' என்று வழங்குகிறோம். 'சிரச்சேதம்' என்பதில் வெட்டு என்ற பழைய பொருள் அப்படியே இருக்கிறது. 1964 புயலில் தனுஷ்கோடி அடைந்த சேதம், வலை சேதம், படகு சேதம் என்று நம் கரையில் நாள்தோறும் சொல்லும்போது, அந்தச் சொல்லின் மிகத் தொலைவான ஜெர்மானிய உறவினன் ஆங்கிலேயன் கூச்சப்படும் நான்கெழுத்துச் சொல் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இதில் ஒரு திருத்தத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இந்த உறவு சமஸ்கிருதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இடையில் உள்ளதே தவிர, தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் அன்று. 'சேதம்' நமக்குக் கடனாக வந்த சொல்.

பிளத்தல் என்னும் கருத்து வயிற்றுக் கழிவுக்கு வருவது ஆங்கிலத்தில் மட்டும் நிகழவில்லை. நாம் 'பேதி' என்று சொல்லும் சொல்லும், பிளத்தலைக் குறிக்கும் வேறொரு சமஸ்கிருத வேரிலிருந்து, 'பேதம்' பிறந்த அதே வேரிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தின் 'ஷிட்டெ'யும் நம் 'பேதி'யும் வெவ்வேறு வேர்களிலிருந்து கிளம்பி ஒரே பொருளை அடைந்திருக்கின்றன.

பொருள் விரிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் என்னும் கவிஞர், மேய்ப்பன் மலம் பூசியவனாகவும் ஆடு தூயதாகவும் இருப்பது வெட்கக்கேடு என்று, நெறி தவறிய பாதிரிமாரைப் பற்றி எழுதியபோது இந்தச் சொல்லைத் தயங்காமல் கையாண்டார். 16ஆம் நூற்றாண்டில் அது ஒரு மனிதனை இழித்துரைக்கும் சொல்லாகவும் ஆனது. அதன் பிறகு அச்சில் அது மறைக்கப்பட்டது. ஆனால் பேச்சில் பெருகி, பொய், குப்பை, பயனற்ற பொருள், போதைப்பொருள், சலிப்பின் ஒலி என்று பலவற்றுக்கும் நின்றது. அமெரிக்கக் கொச்சையில் மிகச் சிறந்ததைப் புகழவும் அது வருகிறது. அதே அமெரிக்காவில், நகைச்சுவைக் கலைஞர் ஜார்ஜ் கார்லின் பேசிய, இச்சொல்லும் இடம்பெற்ற ஓர் உரையை 1973இல் பகல்பொழுதில் வானொலியில் ஒலிபரப்பிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1978இல், அத்தகைய ஒலிபரப்பைக் கட்டுப்படுத்த அரசு அமைப்புக்கு அதிகாரம் உண்டு என்று ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பானது. ஆகவே பிள்ளைகள் இதை 'சே' என்பதற்கு இணையாகக் கருதுவது தவறு. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களின் முன்னிலையில் அதன் கடுமை வேறு.

பாம்பன் ஆசிரியை:

சொல்வேர் ஐயாவின் விளக்கத்தை முழுவதும் படித்தேன், பயன் பெற்றேன். ஆயினும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பதினான்கு வயதுப் பிள்ளைகளின் முன் நின்று இந்தச் சொல்லை எழுதி விளக்குவது தேவைதானா? தமிழில் அதற்கு நேரான ஓரெழுத்துச் சொல்லை நாம் கரும்பலகையில் எழுதுவோமா? எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை அந்தச் சொல்லைச் சொன்னால் மற்றவர்கள் சிரித்துப் பாடமே நின்றுவிடும். ஆங்கிலம் என்றால் மட்டும் கூச்சம் போய்விடுகிறதா? எதிர்ப்பதற்காகக் கேட்கவில்லை. பெற்றோர் கேட்டால் என்ன விடை சொல்வது என்பதற்காகவே கேட்கிறேன்.

சொல்வேர் (இராமநாதபுரம்):

அம்மா, தாங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதற்கு விடை தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. எழுத்ததிகாரத்தின் உயிர்மயங்கியலில், பசுவைக் குறிக்கும் 'ஆ' என்ற சொல்லோடு தாங்கள் குறிப்பிடும் அந்த ஓரெழுத்துச் சொல் புணர்ந்து, சாணத்தைக் குறிக்கும் 'ஆப்பி' என்று ஆவதற்கு விதி சொல்லப்படுகிறது. விதியைச் சொல்ல வேண்டுமானால் சொல்லைச் சொல்லியே ஆக வேண்டும். தொல்காப்பியர் அதை 'ஈகார பகரம்' என்கிறார். பகர மெய்யின் மேல் ஈகாரம் ஏறியது என்று எழுத்தின் இலக்கணத்தை மட்டும் காட்டிவிட்டு, சொல்லை வாயில் எடுக்காமல் விதியை முழுவதும் சொல்லி முடித்துவிடுகிறார். நான் மாணவனாக இருந்தபோது இந்த இடத்தை முதன்முதலாகப் படித்த நாளில் அடைந்த வியப்பு இன்னும் குறையவில்லை. சொல்லை அவர் நூலிலிருந்து விலக்கவில்லை, அதன் புணர்ச்சியை ஆராயாமல் விடவும் இல்லை. அவையின் கூச்சத்துக்கும் ஊறு செய்யவில்லை.

நன்னூலார் இதைத் தகுதி வழக்கில் 'இடக்கரடக்கல்' என்று வகுத்தார். 'கால் கழுவி வந்தேன்' என்பது போல நம் ஊர்ப் பெரியவர்கள் 'வெளிக்குப் போய் வருகிறேன்', 'ஒதுங்கிவிட்டு வருகிறேன்' என்று சொல்வது இன்றும் நடக்கும் இடக்கரடக்கலே. 'கழிவு' என்பதும் நீங்கியது என்னும் பொருளில் அமைந்த மறைப்புதான். ஆங்கிலத்தில் 'எக்ஸ்கிரிமென்ட்' என்ற மருத்துவச் சொல்லும், சலித்து ஒதுக்கியது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே வகுப்பில் ஆங்கிலச் சொல்லை ஒருமுறை எழுதி, அது அவையில் வழங்கத் தகாத சொல் என்பதையும் சொல்லி, அதன் பின் 'அந்த நான்கெழுத்துச் சொல்' என்றே பாடத்தை நடத்தலாம். பெற்றோர் கேட்டால் இந்த விதியைக் காட்டுங்கள்.

தங்கச்சிமடம் வானொலி:

கரையோர வானொலித் தொடர்பில் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஆபத்துக் குறியான 'எஸ் ஓ எஸ்' என்பதற்கும் 'எங்கள் உயிர்களைக் காப்பாற்றுங்கள்' என்ற விரிவை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அதுவும் பின்னால் கட்டிய பொருளே. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்று இடைவிடாமல் ஒலிக்கும்போது மோர்ஸ் முறையில் எளிதில் பிடிபடும் என்பதற்காகவே அந்தக் குறி தேர்ந்தெடுக்கப்பட்டது. ஜெர்மனி 1905இல் அதை ஏற்றது, 1906இல் பெர்லினில் கூடிய பன்னாட்டு மாநாடு அதை உறுதி செய்தது, 1908 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இதையும் கையெழுத்து இதழில் சேர்த்தால், கடலுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பொருத்தமாக இருக்கும்.

மண்டபம் வாசகன்:

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நண்பரிடம் இந்த விடைகளைக் காட்டினேன், அவரும் ஏற்றுக்கொண்டார். கையெழுத்து இதழில் கப்பல் கதையை முதலில் எழுதி, அதன் கீழே அது ஏன் பொய் என்பதைக் காக்கா சொன்ன முறையில் எழுதப் போகிறோம். அடுத்த பக்கத்தில் 'சேதம்', 'பேதி' இரண்டின் வேர்களும், கடைசிப் பக்கத்தில் 'எஸ் ஓ எஸ்' குறியும் வரும். 'ஈகார பகரம்' வரும் பகுதியைப் பாம்பன் ஆசிரியை அவர்களே எழுதித்தர இசைந்திருக்கிறார்கள். காக்கா, வரும் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு மண்டபம் வந்து, சரக்குத் திட்டம் எப்படி வரைவது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இயலுமா?

கீழக்கரை மாலுமி:

இன்ஷா அல்லாஹ், வருகிறேன் தம்பி. மீன்தூள் ஏற்றிய ஒரு பயணத்தின் சரக்குத் திட்டப் படி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு அறையிலும் நாள்தோறும் அளந்த வெப்பநிலை அதன் ஓரத்தில் பென்சிலால் குறிக்கப்பட்டிருக்கும். அதையும் எடுத்து வருகிறேன்.